தவக்களை வண்டியின் அடியில் ஒரு முடிச்சு

என் கூடப் பிறந்த குமரண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்கு எழுதுகிறேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எதைச் சொன்னாலும் யார் யார் இருந்தார்கள் என்றுதானே நீ முதலில் கேட்பாய்? உன் வண்டியின் மேல் கிடந்த படுதாவை விலக்கி, மறுபடி கிளப்பிப் பார்த்த அன்று, கருவடிக்குப்பத்தில் என் வீட்டுப் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் நின்றவர்கள்: நான், உன் மாப்பிள்ளையான என் வீட்டுக்காரர், ஸ்டெல்லா அண்ணி, உன் மகள் அமுதா, உன் சிநேகிதர் லேத் பட்டறை காதர் பாய். மொத்தம் ஐந்து பேர். பக்கத்து வீட்டு நாய் வந்து எட்டிப் பார்த்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை வேறு சிலரும் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. வண்டி என்று நான் சொல்வது, பருத்த நாலு டயரும் பைக் மாதிரி ஹேண்டில்பாரும் உள்ள மணல் வண்டி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பிரெஞ்சுக்கார முசேயிடம், அதாவது துரையிடம், நீ வாங்கியது. வீராம்பட்டினத்துப் பிள்ளைகள் அதைத் தவக்களை வண்டி என்பார்கள். சாலையோரம் வந்து இறங்குகிற ஐஸ் பெட்டிகளையும், படகில் மாட்டுகிற இஞ்சின்களையும் மணலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் திரும்ப ஏற்றி வருவதும்தான் அதன் பிழைப்பு, உன் பிழைப்பும் அதுதான். நீ மஞ்சள் காமாலையில் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து வண்டியும் படுதாவுக்கு அடியில் படுத்துவிட்டது.

இனி அதை அமுதா ஓட்டப் போகிறாள். இந்தக் கடிதத்தில் இருக்கிற பயம் முழுக்க அதைப் பற்றியதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு படகுக்காரர்கள் இஞ்சினைத் தோளில் வைத்துத்தான் தூக்கிப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் அண்ணியிடம் வந்து, "வண்டி சும்மா கெடக்குதேம்மா, ஓட்ட ஒரு ஆள் போட்டா எங்க முதுகு பொழைக்கும்" என்றாராம். "ஆள் எதுக்குப் பெரியப்பா, நான் இருக்கேன்ல" என்றாளாம் உன் மகள். "பொம்பளப் புள்ளையா?" என்று அவர் இழுத்திருக்கிறார். "இஞ்சினுக்கு அதெல்லாம் தெரியாது" என்றிருக்கிறாள். அப்படியே நீதான், அண்ணா.

அந்த மேடு உனக்குத் தெரியும். தண்ணீர் ஓரத்திலிருந்து சாலைக்கு ஏறுகிற இடத்தில் மணல் சரிந்து கிடக்குமே, அது. பின்னால் இரண்டு படகு இஞ்சினை ஏற்றிக்கொண்டு அதில் ஏறும்போது, வண்டியின் இஞ்சின் திடீரென்று இறுகிப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். வண்டி பின்பக்கமாகவே கவிழும், ஓட்டுகிறவன் கீழே, சுமை மேலே என்றாய். சொல்லிவிட்டு ரசம் கேட்டாய்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அமுதா கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, நாறிப்போன பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்தாள். நாலைந்து இழுப்பில் கிளம்பிவிட்டது. எல்லோரும் சிரித்தோம். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சத்தம் கேட்டது.

ஒன்று அல்ல, இரண்டு. டொக், டொக் என்று உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒன்று. அதற்கு இடையிடையே, பாத்திரம் தேய்க்கும்போது மோதிரம் படுகிற மாதிரி மெல்லிசாக, டிங் என்று இன்னொன்று.

காதர் பாய் தலையைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள ஓடற கேம் செயின் லூசும்மா. பழைய வண்டிக்கு இது சகஜம். மாத்திட்டா தீந்துது."

"மச்சான் இருந்தப்பவே இப்படித்தான் கத்திக்கினு வரும்" என்றார் என் வீட்டுக்காரர். "வண்டியும் ஓனர் மாதிரிதான். காலையில கத்தும். டீ உள்ள போனா அடங்கிடும்."

பாயும் அவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கிண்டல்தான் உறைத்தது. டீ உள்ளே போனால் அடங்கும். சூடேறினால் குறைகிறது. உண்மைதான், கொஞ்ச நேரம் ஓடியதும் டொக் சத்தம் தணிந்திருந்தது. டிங் மட்டும் அப்படியே இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். மிக்ஸி, தையல் மிஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் என் வீட்டில் கெட்டுப்போய்க் கெட்டுப்போய் எனக்குப் பாடம் எடுத்தவை. இந்த இஞ்சினுக்காக அமுதா ப்ரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு கத்தை இங்கிலீஷ் காகிதம் அச்செடுத்து வந்தாள். டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, பால் கணக்குப் பார்க்கிற மாதிரி ஒரு வரி விடாமல் பார்த்தேன். குளிர்ந்திருக்கும்போது தட்டி, சூடேறினால் குறைகிற சத்தம் பெரும்பாலும் பிஸ்டனுடையது என்று அதில் இருந்தது. சிலிண்டர் தேய்ந்து, பிஸ்டனுக்கு உள்ளே இடம் அதிகமாகி, அது பக்கவாட்டில் மோதுகிற சத்தம். தொடர்ந்து ஓட்டினால் ஒரு நாள் சிக்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்த மணல் மேடுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

பரண்மேல் கிடந்த பழைய ஊதுகுழலை எடுத்து வந்தேன். ஒரு முனையை இஞ்சின் மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"என்னா விஜயா, அடுப்பு ஊதப் போறியா?" என்றாள் அண்ணி.

"ஊதல அண்ணி. கேக்கறேன்."

செயின் ஓடுகிற பக்கத்தில் வைத்தேன், சத்தம் தள்ளித்தான் கேட்டது. சிலிண்டர் நடுவில் வைத்தேன். காதுக்குள்ளேயே தட்டியது. பிறகு வண்டியை அணைத்து ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு கரண்டி ஆயிலை விட்டு, மறுபடி மாட்டிக் கிளப்பச் சொன்னேன். புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. டொக் சத்தம் கொஞ்ச நேரம் காணாமல் போனது. ஆயில் இடைவெளியை நிரப்பியிருக்கிறது. அது எரிந்து தீர்ந்ததும் தட்டல் திரும்பி வந்தது. இதற்கு மேல் சந்தேகமே இல்லை, பிஸ்டன்தான்.

"சமையக்கட்டுல கரண்டி புடிக்கிறவங்க கேட்டா எல்லாம் கேக்கும் போல" என்றார் பாய். அவர் சொன்னது தப்பாகிப்போனதில் அவருக்கு வருத்தமில்லை, சிரிப்புத்தான்.

அந்தப் பெருமையில் நானும் ஒரு தப்புப் பண்ணினேன். டிங் சத்தம் பிஸ்டனை மாட்டுகிற பின் ஆடுவதால் வருகிறது என்று அடித்துச் சொன்னேன். புதுப் பின் வாங்கவும் வைத்தேன். பழைய பின்னுக்கு ஒரு குறையும் இல்லை என்று பிரித்த பிறகுதான் தெரிந்தது.

டவுனில் இரண்டு இடத்தில் கேட்டோம். ஒருவர் சாமான் கிடைக்காது என்றார். இன்னொருவர் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றார். அமுதாவின் முகம் எப்படிப் போனது என்று நீ பார்த்திருக்க வேண்டும். "அத்தை, நம்பளே பிரிப்போம்" என்றாள். சரி என்றேன். ஆனால் தைரியத்தில் சொன்ன சரி இல்லை அது. மிக்ஸியை நான் தப்பாகப் பூட்டினால் சட்னி அரையாது. இதைத் தப்பாகப் பூட்டினால்?

ராகு காலம் போனதும் வண்டிக்குப் பொட்டு வைத்தேன், வெற்றிலை பாக்கு வைத்தேன், சூடத்தை ஏற்றினேன்.

"அத்தை! பெட்ரோல் டாங்க் பக்கத்துல சூடமா? எல்லாரையும் ஒண்ணா அப்பாகிட்ட அனுப்பப் பாக்கறியா?"

தட்டோடு மதில் ஓரத்துக்கு ஓடினேன். ஓடிய வேகத்தில் விபூதி முழுக்க என் புடவையில். ஆரம்பமே இப்படி.

ஆயிலை வடித்தோம். கறுப்பாக வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளிப் பொடி மாதிரி மினுமினுப்பு, எல்லாம் தேய்ந்த உலோகம். ஏர் ஃபில்டர் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மணலைத் தின்றுகொண்டேதான் இத்தனை நாள் உனக்கு உழைத்திருக்கிறது, பாவம். கழற்றிய போல்ட்டுகளை இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே வைத்தேன். மேல் தட்டு மேல்பக்கத்துச் சாமான், கீழ்த் தட்டு அடிப்பக்கத்துச் சாமான். "இனி இந்த வூட்டுல இட்லி கெடையாது" என்றார் உன் மாப்பிள்ளை. "தோசைக் கல்லையாவது விட்டு வை விஜி."

இஞ்சினைச் சட்டத்திலிருந்து வெளியே எடுக்க, கயிறு போட்டுக் கட்டி, சவுக்குக் கட்டையை நுழைத்து, பாயும் அவரும் ஆளுக்கு ஒரு தோள் கொடுத்தார்கள். சாமி தூக்குகிற மாதிரிதான் இருந்தது. அவர்கள் தூக்கி நகர்த்திய இடத்தில், முன்பக்கம் இஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டுக்குப் பக்கத்து இடுக்கில், கறுப்பாக ஒரு சின்ன உருண்டை தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்தேன். பிய்த்து எடுத்து, மற்ற சாமானோடு மண்ணெண்ணெய் வாளியில் போட்டுவிட்டேன்.

அண்ணா, அதைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் தேய்த்தேன்.

நூல் இழை ஒன்று விரலில் சுற்றியது. அப்புறம் துணி. துணியின் கிழிசல் வழியே ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. மூன்று முடிச்சுப் போட்டுக் காசு முடிந்த துணி. வேண்டுதல் முடிச்சு. யார் தலையிலோ வைத்துச் சுற்றி, ஒரு சாமியின் பேரைச் சொல்லி, நிறைவேற்றும் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்று முடிந்து வைப்பதை, நான் மண்ணெண்ணெயில் போட்டுச் சட்டி கழுவுகிற மாதிரி கழுவியிருக்கிறேன்.

"டிங்" என்றாள் அமுதா மெதுவாக. காசைச் சட்டத்தில் தட்டிக் காட்டினாள். அதே சத்தம்.

அண்ணி துணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னா கலருன்னு தெரியுதா?"

தெரியவில்லை. மஞ்சள் என்றால் நம் வீராம்பட்டினத்து அம்மன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நீ தேர் வடம் பிடிக்காத வருஷம் இல்லை. பச்சை என்றால் நாகூர். எண்ணெயும் புகையும் முக்கால்வாசிச் சாயத்தைத் தின்றிருந்தன. மிச்சத்தை என் மண்ணெண்ணெய் தின்றுவிட்டது. இப்போது அது அடுப்புத் துணி நிறத்தில் இருக்கிறது.

"குமரன் என்கிட்ட ஒரு தரம், நாகூருக்குப் போய் வரலாமாடான்னு கேட்டான்" என்றார் பாய். "எதுக்குடான்னேன். சும்மாதான்டான்னான். அப்புறம் பேச்சே இல்ல."

"வில்லியனூர் மாதாவுக்கு வருஷா வருஷம் என்கூட நடந்தே வருவாரு" என்றாள் அண்ணி. "என்னா வேண்டிக்கினீங்கன்னு கேட்டா, சொன்னா பலிக்காதுன்னு சிரிப்பாரு."

உன் மாப்பிள்ளை தோளிலிருந்த கட்டையை இறக்கி வைத்தார். "மூணு எடத்துலயும் ஒவ்வொரு ரூவா போட்டுட்டா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போய் கமிட்டி போடறீங்களே."

காசு போட்டால் முடிகிற விஷயமா இது? காசு வெறும் அடையாளம்தான். நீ என்ன செய்வதாகச் சொன்னாய் என்பதுதான் வேண்டுதல். மொட்டையா, கூழ் ஊற்றுவதா, மெழுகுவத்தியா, போர்வையா? யாருக்காகக் கேட்டாய்? கேட்டது கிடைத்ததா? உனக்காகவே கேட்டிருந்தால், கிடைக்கவில்லை, அப்போது பாக்கியும் இல்லை. வேறு யாருக்காகவாவது கேட்டு, அது கிடைத்தும் இருந்தால், செலுத்தாமல் நீ போய்விட்டாய், அந்தப் பாக்கி இப்போது யார் பேரில் நிற்கிறது? வண்டியின் மேல் நிற்கிறதா? வண்டியில் ஏறி உட்காரப் போகிறவள் மேலா?

இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு டீ போடும்போது அடுப்படியில் என்னிடம் மட்டும் சொன்னாள். "எனக்கு மார்ல கட்டி வந்து எடுத்தாங்களே, அதுக்கா இருக்குமோ? எனக்காக இருந்தா, எனக்குத் தெரிய வேணாம் விஜயா. நீயே செஞ்சிடு."

அமுதா மட்டும் நம்பவே இல்லை.

"அத்தை, எனக்கு அது வேண்டுதல்னு தோணல. பேக்கிங் அது. அந்த எடத்துல சட்டத்துக்கும் இஞ்சினுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து இருக்குது. பாரு, என் நகம் போவுது. இஞ்சின் ஆடக் கூடாதுன்னு அப்பா ஒரு காசத் துணியில சுத்தி அங்க செருகியிருப்பாரு. துணி அழுவி லூசாயிடுச்சு, தொங்கிக்கினு டிங் டிங்னு அடிச்சிருக்குது. அவ்ளோதான்."

"பேக்கிங்குக்கு யாராவது மூணு முடிச்சு போடுவாங்களாடி?"

"அப்பா போடுவாரு. சட்டப் பட்டனுக்கே அஞ்சு முடிச்சு போட்டவரு."

நீ அப்படித்தான். செருப்பு வாரையே கம்பி வைத்துத் தைத்துப் போட்டவன். ஆனால் குறிசொல்கிறவளைக் கண்டால் நின்று கேட்டுவிட்டு வருகிறவனும் நீதான். எந்தக் குமரன் அந்த முடிச்சைப் போட்டான்?

முடிச்சை அவிழ்க்காமல், கிழிந்த இடத்தை மட்டும் ஒரு வெள்ளைத் துணியில் பொதிந்து, சாமி மாடத்தில் வைத்தேன். நீங்களெல்லாம் பெரியவர்கள், யாருடையதோ அவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகக் கும்பிட்டேன். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

வேலை நிற்கவில்லை. சிலிண்டருக்குள் விரலை விட்டால் கோடு கோடாகத் தட்டுப்பட்டது, மணல் கிழித்த கோடுகள். பாய் அதைத் தன் லேத்தில் வைத்து, கோடு போகிற அளவுக்கு மட்டும் கடைந்து பெரிதாக்கினார். அதற்குத் தோதான பெரிய பிஸ்டன், ரிங்குகள் எல்லாம் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தன. ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் சிலிண்டருக்குள் தனியாக நுழைத்து, அதன் இரண்டு முனைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளவுத் தகடு விட்டுப் பார்க்க வேண்டும். அது ரொம்பக் குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் விரிந்து இறுகிவிடும். பார்த்தேன். சரியாக இருந்தது. நம்பிக்கை வரவில்லை, மறுபடி பார்த்தேன். அமுதா வந்து, "அத்தை, அது தேயப் போவுது" என்று தகட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

பின்னைப் பூட்டுகிற குட்டி வளையம் தெறித்து இஞ்சினுக்குள் விழுந்துவிடுமோ என்று இஞ்சினின் வாயை முழுக்கத் துணியால் அடைத்துவிட்டு மாட்டினோம். அடைத்த துணியைத் திரும்ப எடுத்தோமா என்று பாதியில் சந்தேகம். துணி அண்ணி கையில் இருந்தது, அவள் தூக்கிக் காட்டினாள். கேம் செயின் உள்ளே நழுவாதபடி கம்பியில் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தவர் உன் மாப்பிள்ளை. "கை மரத்துப் போச்சுடி, ஜெபத்த அப்புறம் வெச்சிக்க" என்று கத்தினார். மேல் மூடியின் நட்டுகளை ஒரே அடியாக முறுக்கக் கூடாது. எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒவ்வொரு திருப்புக்கும் ஓம் சக்தி சொன்னேன். அண்ணி பக்கத்தில் ஜெபமாலை உருட்டினாள். முறுக்கம் சரியாக இருக்கிறதா என்று காட்டுகிற ரெஞ்சைப் பாய் கொண்டுவந்து கடைசியில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து கரெக்டா புடிச்சிட்டீங்க" என்றார்.

அந்தக் காசு இருந்த சந்தில், அமுதா பாய் கடைந்து கொடுத்த தகடு ஒன்றைச் செருகி முடுக்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுபடி கிளப்பினோம். அன்றும் அதே ஐந்து பேர். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் கிளம்பியது, கிளம்பியதும் வெள்ளையாகப் புகை. அண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் "நிறுத்துடி, எரியுது!" என்று கத்தியே விட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, பூட்டும்போது தடவுன ஆயில் எரியுது" என்றார் பாய். அவர் சொன்னபடி புகை மெல்ல மெல்லத் தெளிந்தது. டொக் இல்லை. டிங் இல்லை. தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. அமுதா அதைத் தட்டிக் கொடுத்தாள், மாட்டைத் தட்டுகிற மாதிரி. உன் மாப்பிள்ளை பாயின் தோளில் கை போட்டு பிரியாணிக்கு அழைத்தார்.

எல்லோரும் சந்தோஷப்பட்டபோது எனக்கு மட்டும் ஏன் பயம் கூடியது? அந்த டிங் சத்தம் உன்னைக் காத்துக்கொண்டிருந்ததோ என்று தோன்றிவிட்டது. ஒரு தடவை அந்த மேட்டில் வண்டி பின்னால் சரிந்து, நீ குதித்துத் தப்பினாய் என்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தப்பியதற்குப் பிறகு முடிந்த முடிச்சா? இல்லை, அது ஏற்கெனவே அங்கே இருந்ததால்தான் தப்பினாயா?

நேற்று அமுதாவிடம் கேட்டுப் பார்த்தேன். "கண்ணு, அத்தைக்காக. புதுத் துணி சுத்தி அதே எடத்துல வெச்சிடலாமே. வேண்டுதல்னா வண்டிகூட இருக்கும். பேக்கிங்னா பேக்கிங்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அத்தை, மேட்டுல ஏறும்போது என் காதுதான் எனக்குத் தொணை. இஞ்சின்ல ஏதாவது தப்பா சத்தம் வந்தா ஒடனே எறங்கிடணும். இது டிங் டிங்னு அடிச்சிக்கினே இருந்தா, அது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீதான கேக்கக் கத்துக் குடுத்த."

பிறகு சொன்னாள்: "எனக்குப் பயம் இல்லன்னு நெனைக்காத அத்தை. நீ பயப்படறது எனக்குத் தெரியுது. நான் பயந்தா அம்மா என்னை விடமாட்டாங்க. அதான்."

அண்ணா, அதைக் கேட்ட பிறகு என் பயம் இரண்டு பேருடையதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் மணலில் இறங்குகிறாள். முதலில் ஐஸ் பெட்டி மட்டும், படகு இஞ்சின் இப்போது வேண்டாம் என்று படகுக்காரர்களிடம் பாய் பேசிவிட்டார். புதிதாகப் பூட்டிய வண்டி இஞ்சினைக் கொஞ்ச நாளைக்கு விரட்டி ஓட்டக் கூடாது என்று காரணம் சொன்னார். அது உண்மையான காரணமும்தான். நானும் போகிறேன். உன் மாப்பிள்ளை, "நீ எதுக்கு, ஐஸ் உருகிடப் போவுதுன்னா?" என்றார். பின் சீட்டில் உட்காரப் போகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. புடவையை நன்றாகச் செருகிக்கொள் என்று மட்டும் சொன்னார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மன் என்று சொல்லு, நானே விரதம் இருந்து கூழ் ஊற்றுகிறேன். மாதா என்று சொல்லு, அண்ணியோடு வில்லியனூருக்குச் செருப்பில்லாமல் நடக்கிறேன். நாகூர் என்று சொல்லு, பாய் வீட்டோடு சேர்ந்து போகிறோம், அவருடைய மனைவியிடம் கேட்டுவிட்டேன், அவர்களும் வருகிறார்களாம். மொட்டை என்றாலும் சரி, என் தலைதானே. இல்லை, அது வெறும் பேக்கிங்தான் என்றால், அதையும் வெட்கப்படாமல் சொல்லு. அமுதா என்னைக் கேலி பண்ணட்டும், வருஷம் பூரா பண்ணட்டும். நீ சொல்கிற வரைக்கும் அவள் மேட்டில் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அவள் முதுகுக்குப் பின்னால் நான் இருப்பேன்.

கனவில் வந்தால் நின்று சொல்லு. போன தடவை மாதிரி தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விடாதே. என் கனவுக்கு வர முடியாவிட்டால் அண்ணி கனவுக்குப் போ, அவள் மறைக்காமல் சொல்லிவிடுவாள். எப்படியானாலும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லு, அண்ணா.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை,
விஜயா